நகம் இறங்காத டயர்

துபாய் போய்வந்தவர்கள் கட்டடங்களைப் பற்றிச் சொல்வார்கள், நகைக்கடைத் தெருவைப் பற்றிச் சொல்வார்கள். நான் சாலையோரத்து டயர் துண்டுகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. விமான நிலையத்தைவிட்டு வடக்கே போகப் போக, மணலில் கறுப்புக் கறுப்பாக, வெடித்துச் சிதறிய டயர்களின் தோல் கிடந்துகொண்டே வந்தது. நான் தூத்துக்குடியில் டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருப்பவன். தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து, மறுபடி ஓட விடுவது என் பிழைப்பு. பெண் பார்க்கப் போன அன்று மாமனாரின் சைக்கிள் டயரைத்தான் முதலில் குனிந்து பார்த்தேன் என்று என் மனைவி இன்றுவரை குத்திக்காட்டுவாள். பொய்யில்லை.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஜனவரி மாதம் அது. சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. என் தங்கை ஸ்டெல்லாவின் கணவன் லூர்து, ராஸ் அல் கைமாவில் ஓர் அரபு வீட்டில் பதினான்கு வருஷமாக டிரைவர். ஒரு சின்னக் கீறல்கூடப் போட்டதில்லை. அவனிடமிருந்து நான்கு வரியில் ஒரு கடிதம் வந்தது. ‘வண்டி ஓட்டும்போது தூங்கிவிட்டேன். கார் கவிழ்ந்தது. முதலாளியின் சின்ன மகளுக்குக் கை உடைந்துவிட்டது. ஊருக்கு வந்துவிடுகிறேன்.’ அதற்குப் பிறகு போன் செய்தால் ‘சரி’, ‘ஆமா’ தவிர வேறு பேச்சில்லை.

“ஸ்டியரிங்ல கைய வச்சா அவுக கொட்டாவிகூட விடமாட்டாக, அண்ணே. தூங்கினாகளாம்! எனக்கு மனசுக்குச் சரியாப் படல. நீ ஒரு எட்டு போயி, கூடவே இருந்து கூட்டிட்டு வா” என்றாள் ஸ்டெல்லா. அழவில்லை. அவள் அழாமல் பேசினால்தான் எனக்குப் பயம்.

துபாயிலிருந்து என்னை ஏற்றிக்கொண்ட வாடகைக் கார்க்காரர் பெஷாவர் பக்கத்து பட்டாணியர், தாடியில் மருதாணி. விடியற்காலைப் பனிமூட்டம் அப்படி ஒரு மூட்டம். சாலையும் அதன் ஓரத்து மணலும் இருந்தன, அதற்கு அப்பால் உலகம் இல்லை. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, போய்விட்டன. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். தூத்துக்குடி உப்பளத்தில் நிலா வெளிச்சத்தில் நடப்பதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தது. கண் விழித்தபோது கார் நின்றிருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஓர் ஒட்டகம் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

வழி தவறி உம் அல் குவைனில் யாரோ ஒருவரின் ஒட்டகப் பட்டிக்குள் வந்துவிட்டோம். பட்டாணியர் துளியும் வெட்கப்படவில்லை. பட்டி காக்கும் பலூச்சிக்காரரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. ஒட்டகப்பால் டீ, உப்புக் கரித்தது. நம்மூர் டீக்கடையில் இதைக் கொடுத்திருந்தால் கிளாஸைத் திருப்பி வைத்திருப்பேன். அங்கே, அந்தக் குளிரில், இரண்டாவது கிளாஸ் கேட்டேன்.

வழியில் கிடந்த டயர் துண்டுகளைப் பற்றி, லாரிக்காரர்களிடம் கற்ற என் ஓட்டை இந்தியில் கேட்டேன். “அதெல்லாம் வெயிலின் வேலை, பாயி சாப். ஜூன் ஜூலையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பயந்து உயிரைக் கையில் பிடித்தபடி ஓட்டுவேன். குளிர் வந்தால் டயருக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. பயமில்லாமல் மிதிப்பேன்” என்றார். மிதிக்கவும் செய்தார். நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு ராஸ் அல் கைமா போய்ச் சேர்ந்தேன்.

லூர்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்ட பேண்டுமாக நான் போட்டோக்களில் பார்த்த ஆள், சாயம்போன லுங்கியில், கையில் ரப்பர் குழாயோடு நின்றான். நெற்றியில் ஆறிய காயம். என்னைப் பார்த்ததும் சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

“வாங்க மச்சான். ஸ்டெல்லா அனுப்பி வச்சாளா?”

“பின்ன, சுத்திப் பாக்கவா வந்திருக்கேன்? என்ன மாப்ளே இது கோலம்?”

“வண்டியத் தொடப் பிடிக்கல. அர்பாப்தான் நான் ஊருக்குப் போகுதவரைக்கும் தோட்டத்தப் பாத்துக்கச் சொன்னாரு.” முதலாளியை அங்கே அர்பாப் என்கிறார்கள். “நல்ல மனுசன். போலீஸ்ல எம்மேல கேஸ் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாரு. சனிக்கிழம டிக்கெட்டும் எடுத்துட்டாரு.”

வீட்டின் பின்புறம் அவனுடைய ரூம். ஒரு கட்டில், ஒரு மாதா படம், ஜன்னல் திட்டில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில். மதியம் பாரை மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தான். மீன் நம் கடல் மீனைவிட ஒரு சுற்றுப் பெரியது, ருசி ஒரு பிடி குறைவு. குபூஸ் ரொட்டியைக் குழம்பில் நனைத்துச் சாப்பிட்டேன். அவன் சாப்பிடவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். குளிர்காலம் வந்தால் அர்பாப் குடும்பம் வீட்டில் தங்காதாம். மலைக்குப் பின்னால் வெட்டவெளியில் கூடாரம் போட்டு, வார விடுமுறையான வியாழன் வெள்ளிக்கு அங்கேதான். நம் ஆட்கள் கோடையில் குற்றாலம் போவதுபோல, அவர்கள் குளிரைத் தேடிப் போகிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை விடிகாலை, சின்ன மகள் நூராவைக் கூடாரத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறான்.

“வண்டியெடுத்தது தெரியும். ஹீட்டர் போட்டது தெரியும். அடுத்தாப்ல வாயில மண்ணு, பாப்பா அழுத சத்தம். நடுவுல ஒண்ணுமே இல்ல மச்சான். அஞ்சு நிமிசத்துல வர்ற மலைத் திருப்பத்துல வண்டி அதுபாட்டுக்கு நேராப் போயிருக்கு. தூங்காம வேற எப்படி?”

“டயர் ஏதும்...?”

“அதெல்லாம் புத்தம்புது டயர். அர்பாபோட பெரிய மகன் ஜெர்மனில இருந்து வரவழைச்சுப் போட்டது, ரேஸ் டயரு. நாலும் வெடிக்காம அப்படியே நிக்கி. அந்தக் குளிர்ல டயருக்கு என்ன கேடு வரும்?”

சாயங்காலம் அந்தக் காரைப் பார்த்தேன். மேற்குப் பார்த்துத் திறந்திருந்த ஷெட்டில் ஒரு பக்கம் நசுங்கி நின்றது. டயர்களைப் பார்த்ததும், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. அகலமாக, தாழ்வாக, முகத்தில் அதிகம் வாய்க்கால் வெட்டாமல் வழுவழுவென்று ரப்பர். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்ப்போம். நகம் இறங்கி, எடுத்ததும் தடம் மெல்ல மூடினால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். மாலை வெயிலில் நின்ற அந்த டயரில் நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பிடிமானமுள்ள ரப்பரை நான் தொட்டதில்லை.

“டயர்ல ஒரு குறையும் இல்ல, மாப்ளே” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றான். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். ஏற்கெனவே அமுங்கிக் கிடந்தவனை நானும் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் குளிர் என்னை எழுப்பிவிட்டது. தூத்துக்குடிக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி மாதம் காதில் துண்டு கட்டுவது, அவ்வளவுதான். அங்கே அடித்த குளிரில் என் பல் தானாகப் பேசியது. மலைப் பக்கமிருந்து வந்தது குளிர். வெளியே மறுபடியும் அந்த வெள்ளை மூட்டம். எங்கோ பாங்கு சொன்னார்கள், சத்தம் பஞ்சுக்குள் வருவதுபோல வந்தது. கடலும் மலையும் வீடும் இல்லாமல், நானும் அந்தக் குரலும் மட்டும் இருந்தோம். பயமாக இல்லை. இப்படியே கொஞ்ச நாள் இருந்துவிடலாம் போலத்தான் இருந்தது.

ரூமுக்குள் வந்து, தலைக்குத் தடவலாம் என்று தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன். வரவில்லை, வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. அடுப்பு மேடையில் இருந்த நல்லெண்ணெயைச் சாய்த்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடியது.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. நேற்று மத்தியானம் இரண்டு எண்ணெயும் ஒரே மாதிரிதான் ஓடியிருக்கும். செருப்புகூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினேன்.

டயரின் மேல் பனி வியர்த்திருந்தது. துடைத்துவிட்டு, நேற்று அழுத்திய அதே இடத்தில் நகத்தை அழுத்தினேன். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன், நகம் வழுக்கிக்கொண்டு போனது. பிளாஸ்டிக் வாளியைத் தொடுவதுபோல் இருந்தது. பக்கத்தில் சாமான் ஏற்றும் பழைய பிக்கப் நின்றது. அதன் சாதா டயரில் அழுத்தினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் நகம் இறங்கியது.

அந்த ஜெர்மன் டயர் வெயிலுக்கென்றே செய்தது. ரப்பரில் என்ன சேர்க்கிறார்களோ அதைப் பொறுத்து அதன் குணம். சூட்டில் சாலையைக் கவ்விப் பிடிக்கும்படி செய்த ரப்பர், குளிர் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கினால் விறைத்துவிடும். விறைத்த ரப்பர் சாலையைப் பிடிக்காது, அதன்மேல் சறுக்கும். பனியில் நனைந்த சாலை என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி முழுக்க வெட்டவெளியில் நின்ற கார். எடுத்து ஐந்து நிமிஷத்தில், டயர் சூடேறுமுன், மலைத் திருப்பம். ஊரே வெயிலுக்குப் பயந்து, குளிரை நம்பி ஓட்டுகிற இடத்தில் இது யார் புத்திக்கு எட்டும்? எனக்கே நேற்று எட்டவில்லையே. தொழில்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சாயங்கால வெயிலில் குளிர்கால விபத்துக்குத் தீர்ப்புச் சொன்னேனே என்று என்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

லூர்துவை எழுப்பி இழுத்து வந்தேன். நகத்தை வைக்கச் சொன்னேன். வைத்தான். மூஞ்சியில் ஒன்றும் தெரியவில்லை.

நான் விடவில்லை. கவிழ்ந்தபோது பாறையில் உரசிப் பிய்ந்திருந்த ஓர் ஓரத்திலிருந்து இரண்டு துண்டு ரப்பரை அறுத்தெடுத்தேன். மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற கேரளத்துக்காரரிடம் ஒரு துண்டைக் கொடுத்து, ஐஸ்மேல் வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இது என்ன மீன், சேட்டா?” என்றார். மற்றதை வெயிலில் வைத்தேன். அரைமணி கழித்து இரண்டையும் லூர்துவின் முன்னால் சிமெண்ட் தரையில் போட்டேன். வெயில் துண்டு பொத்தென்று விழுந்து கிடந்தது. ஐஸ் துண்டு டக்கென்று மரக்கட்டையாய்ச் சத்தம் போட்டது.

“பாத்தியா? ஒரே டயரு மாப்ளே. வண்டி உன் பேச்சக் கேட்கல. நீ தூங்கல.”

அவன் ஐஸ் துண்டைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான். “டயர் சறுக்கும்னு சொல்லுதீங்க, சரி. நான் முழிச்சிருந்தேன்னு இந்த ரப்பர் சொல்லுமா? முழிச்சிருந்தா எனக்கு ஏன் ஞாபகம் இல்ல? ரப்பர் கதை சொல்லி என்னத் தேத்தாதீங்க, மச்சான். நம்ம புள்ளையா இருந்தா, தூங்குத டிரைவர்கூட அனுப்புவீங்களா?”

வேலை போனால் நம்மூரில் ஒரு லாரி பிடித்துக் கொடுத்துவிடலாம். இவன் இனி ஸ்டியரிங்கையே தொடமாட்டான், தன்னை ஒரு குழந்தையின் கையை உடைத்த தூங்குமூஞ்சியாகவே ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பான் என்பதுதான் என் பயம். ஸ்டெல்லாவிடம் எதைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன்?

வெள்ளிக்கிழமை. மறுநாள் விமானம். அர்பாப் எங்களை விடைபெறக் கூடாரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். பிக்கப்பை வேறொரு டிரைவர் ஓட்ட, லூர்து பின்னால் சாமான்களோடு உட்கார்ந்துகொண்டான். சிமெண்ட் ஆலையைத் தாண்டி, கல்குவாரிகளைத் தாண்டி மலை இடுக்கில் போனோம். மலைகளில் ஒரு புல் கிடையாது. காலை வெயில் பட்டு ரோஜா நிறம், பிறகு சாம்பல் நிறம், பிறகு நிறமே இல்லாமல் வெறும் நிழல். ஒரு திருப்பத்தில் மட்டும் லூர்து கண்ணை மூடிக்கொண்டதை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். எந்தத் திருப்பம் என்று நான் கேட்கவில்லை.

கூடாரத்தில் கம்பளம், நடுவில் நெருப்பு, ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி, பேரீச்சம்பழம். அர்பாபுக்கு அறுபது வயதிருக்கும். சின்ன வயதில் பம்பாய்க்குப் படகில் பழம் கொண்டுபோனவர், அதனால் இந்தி தெரிந்தவர். ஒரே தாம்பாளத்தில் ஆட்டுக்கறியும் சோறும் வந்தன. என் பக்கம் நல்ல துண்டாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தார். நம்மூரில் விருந்தாளிக்கு இலையில் மறுசோறு போடுவதைப்போல, அங்கே கறியைத் தள்ளுவார்கள் போலிருக்கிறது. லூர்து உள்ளே வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும், வாசலில் செருப்புகளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

நான் இரண்டு ரப்பர் துண்டுகளையும் எடுத்து வைத்து, தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாவற்றையும் ஓட்டை இந்தியில் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நகத்தை அழுத்தியும் பார்த்தார்.

“நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். அந்த டயரை நாளைக்கே கழற்றிவிடுகிறேன். ஆனால் தூங்கினேன் என்று அவனேதான் என்னிடம் சொன்னான். பதினான்கு வருஷத்தில் அவன் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. இதைப் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

காப்பிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்தேன்.

அப்போதுதான் நூரா ஓடி வந்தாள். ஏழு வயது. இடது கையில் மாவுக்கட்டு, அதில் கலர் பேனாவால் மீன்கள். என்னிடம் வரவில்லை, நேரே வாசலுக்குப் போனாள். இங்கிலீஷும் இந்தியும் கலந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு லூர்துவைச் சண்டைக்கு இழுத்தாள். இத்தனை நாளாகத் தன்னைப் பார்க்க வரவில்லையாம். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறானாம்.

“என்ன பாடம்?” என்று நான் கேட்டேன்.

“உங்கள் பாஷையில் எண்ணுவது. அன்றைக்குக் காரில் போகும்போது எதிரே வந்த கல் லாரிகளை எண்ணினோம். ஒவ்வொரு லாரிக்கும் அவர் ஒன்று சொல்லுவார், நான் திருப்பிச் சொல்லுவேன்.” அவள் நல்ல கையின் விரல்களை மடக்க ஆரம்பித்தாள். “ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு...”

அரபிக் குழந்தையின் வாயில் தூத்துக்குடிக் குரல். லூர்துவின் இழுப்பு அப்படியே இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. கூடாரத்தில் யாரும் அசையவில்லை.

“பதினொண்ணு” என்றாள். நிறுத்தினாள். “அடுத்த லாரி திருப்பத்தில் வந்தது. அதற்கு அவர் எண் சொல்லவில்லை. வேறு ஏதோ கத்தினார்.” நெற்றியைச் சுருக்கி யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். “கெட்டியா புடிச்சிக்க, தாயி.”

நான் அர்பாபுக்கு அதை இந்தியில் சொல்ல வாயெடுத்தேன். மூன்றாவது முயற்சியில்தான் சொல்ல முடிந்தது. பதினோரு லாரியை எண்ணியவன் தூங்கவில்லை, நெற்றியில் பட்ட அடிதான் அதை ஞாபகத்திலிருந்து அழித்திருக்கிறது. பன்னிரண்டாவது லாரியைக் கண்டவன், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதே குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். தன் மகளிடம் சொல்வதைப்போல, தன் பாஷையில்.

அர்பாப் எழுந்து வாசலுக்குப் போனார். “பயப்படுவாள் என்று அன்றைக்கு நடந்ததை இவளிடம் யாருமே கேட்கவில்லை” என்றார். லூர்துவின் தலைமேல் கையை வைத்தபடி நின்றார்.

லூர்து அழுதான். மூன்று வாரத்து அழுகை. “லாரி வந்துச்சு மச்சான். லாரி வந்துச்சு. நான் ஸ்டியரிங்க ஒடிச்சேன், வண்டி திரும்பல” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பெரியவர்கள் நாங்கள் அவனை அழ விட்டோம். நூராவுக்குத்தான் பொறுமையில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“பதினொண்ணுக்கு அப்புறம் என்ன?”

அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பன்னெண்டு” என்றான்.